‘நோ சிக்னல்’ வந்தால் பதறாதீங்க! - உப்புக்காற்று ஊரில் ஒரு புரொஜெக்டர் பாடம்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னையிலிருந்து புதுச்சேரிக்குப் போகிறவர்கள் மரக்காணத்தைக் கவனிக்காமல் கடக்க முடியாது. பாத்தி பாத்தியாகத் தேங்கி நிற்கும் உப்புத் தண்ணீர், வரப்போரம் குவித்துவைத்த உப்பு அம்பாரங்கள். மத்தியான வெயிலில் அந்தப் பக்கம் கண்ணைத் திறந்து பார்ப்பதே கஷ்டம். வெயில் ஏறிவிட்டால் சூடும் கண்கூச்சமும் சேர்ந்து வாட்டும் என்பதால், உப்பளத் தொழிலாளர்கள் விடிவதற்கு முன்பே பாத்தியில் இறங்கிவிடுகிறார்கள். வெள்ளை வெளிச்சத்துக்குக் குறையே இல்லாத ஊர்.

இந்த ஊரின் அரசுப் பள்ளி வகுப்பறை ஒன்றில், பகல் 11 மணிக்கு, பிள்ளைகளுக்கு ஒரு சினிமா காட்ட வேண்டும். முடியுமா?

சும்மா கேட்கவில்லை. 2022-23 கல்வியாண்டிலிருந்து பள்ளிக் கல்வித் துறை, அரசுப் பள்ளிகளில் 6 முதல் 9-ம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு மாதம் ஒரு சிறார் திரைப்படம் காட்டும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. படம் பார்ப்பதோடு முடியாது. பார்த்ததைப் பற்றிப் பேச வேண்டும், எழுத வேண்டும். நல்ல திட்டம். அதிலும் உப்பளத்தை நம்பி வாழும் ஊர்களில் ஐப்பசி, கார்த்திகை மழை தொடங்கினால் பாத்திகள் மூழ்கிவிடும். வேலை நின்றுபோகும், வீட்டில் காசு புழங்காது. தியேட்டர், பாப்கார்ன் எல்லாம் அந்த மாதங்களில் நினைத்தும் பார்க்க முடியாது. பள்ளிக்கூடச் சுவரில் விழும் படம்தான் அந்தப் பிள்ளைக்குப் பெரிய திரை.

ஆனால், முன்னாள் மாணவர்களோ நன்கொடையாளரோ ஆசையாக வாங்கிக்கொடுத்த புரொஜெக்டர் பீரோவில் பூட்டிக்கிடக்கும் பள்ளிகள் நமக்குப் புதிதல்ல. கேட்டால், ‘கெட்டுப்போச்சு’ என்று பதில் வரும். எடுத்துத் துடைத்து ஒயரை மாட்டிப் பார்த்தால், பல நேரம் கருவியில் எந்தக் குறையும் இருக்காது. தவறான வாயில் கேபிள் செருகியிருக்கும். அல்லது ஒரு பட்டனை அழுத்தாமல் விட்டிருப்பார்கள். அல்லது தூசு அடைத்திருக்கும். புரொஜெக்டரின் பிரச்னைகளில் பெரும்பாலானவை புரொஜெக்டருக்கு வெளியேதான் இருக்கின்றன என்பது என் கட்சி. அதை நம்ப வேண்டுமானால், முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்துவிட வேண்டும்.

கொட்டகைக்காரர்கள் அறிந்த சூட்சுமம்

தமிழ்நாட்டில் ஊர் ஊராகப் போய்ப் படம் காட்டிய முன்னோடி சாமிக்கண்ணு வின்சென்ட். திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்தவர். 1905-ல், டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து புரொஜெக்டரையும் சில படச்சுருள்களையும் வாங்கி, வேலையை விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார். 1914-ல் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் என்ற நிலையான தியேட்டரைக் கட்டும் வரை அவருக்குக் கூடாரம்தான் தியேட்டர். அவர் காட்டிய வழியில்தான் பிறகு டூரிங் டாக்கீஸ்களும் டென்ட் கொட்டகைகளும் நம் கிராமங்களைப் பிடித்தன.

கொட்டகையில் மாலைக் காட்சிக்கு முன் படம் கிடையாது. பொழுது சாய்ந்த பிறகுதான் பாட்டுப்போட்டு ஊரைக் கூப்பிடுவார்கள். காரணம் எளிமையானது. எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய புரொஜெக்டராக இருந்தாலும் அதனால் கறுப்பைக் காட்ட முடியாது. அது வெளிச்சத்தை மட்டுமே வீசும். படத்தில் நாயகியின் கூந்தல் கறுப்பாகத் தெரிகிறது என்றால், அந்த இடத்தில் கருவி எதையும் வீசவில்லை என்று அர்த்தம். அங்கே நாம் பார்ப்பது வெறும் திரையை. அறையில் வெளிச்சம் இருந்தால் திரையும் வெளுத்திருக்கும், கூந்தலும் நரைத்துவிடும்!

அன்றைய கருவியில் படம் ஃபிலிமில் ஏற்கெனவே இருந்தது. பின்னாலிருந்து விளக்கு, முன்னால் லென்ஸ், நடுவே ஃபிலிம் ஓடும். டிஜிட்டல் புரொஜெக்டரிலும் விளக்கு உண்டு, லென்ஸ் உண்டு. நடுவில் இருந்த ஃபிலிம்தான் இல்லை. அதற்குப் பதில், தபால்தலை அளவுள்ள ஒரு சில்லு, ஒவ்வொரு நொடியும் பலமுறை புதுப்புதுப் படமாக மாறிக்கொண்டே இருக்கிறது. அந்தச் சில்லில் இரண்டு சாதிகள் பிரபலம்.

ஒரு உப்புக்கல் மேல் 300 கண்ணாடி

முதல் சாதி டி.எல்.பி. அமெரிக்காவின் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த இயற்பியலாளர் லாரி ஹார்ன்பெக் 1987-ல் கண்டுபிடித்த சில்லு இதன் உயிர். அதன் மேற்பரப்பு முழுக்க நுண்ணிய முகம் பார்க்கும் கண்ணாடிகள். தொடக்க காலச் சில்லுகளில் ஒரு கண்ணாடியின் அகலம் ஏறக்குறைய 16 மைக்ரான். நம் சமையலறைத் தூள் உப்பின் ஒரு பரலை எடுத்து அதன் ஒரு முகத்தில் இவற்றை அடுக்கினால் சுமார் 300 கண்ணாடிகள் பிடிக்கும். இப்போது வருபவை அதைவிடவும் சிறியவை.

படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு கண்ணாடி. 1,024-க்கு 768 என்ற பழைய அளவில் 7,86,432 கண்ணாடிகள். ஒவ்வொன்றும் தனித்தனியாக 10, 12 டிகிரி இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ சாயும். இந்தப் பக்கம் சாய்ந்தால் விளக்கின் வெளிச்சம் லென்ஸ் வழியாகத் திரைக்குப் போகும். அந்தப் பக்கம் சாய்ந்தால் உள்ளேயே ஒரு மூலையில் முட்டி, சூடாக வீணாகும். அவ்வளவுதான், நடுநிலை கிடையாது. ‘அப்படியானால் சாம்பல் நிறம் எப்படி வருகிறது?’ என்று நீங்கள் கேட்பது சரி. கண்ணாடி ஒரு நொடிக்குள் ஆயிரக்கணக்கான தடவை படபடக்கிறது. பாதி நேரம் திரைப்பக்கம், பாதி நேரம் மறுபக்கம் என்றால், நம் கண் அதைக் கூட்டிக் கழித்துச் சாம்பல் என்று எடுத்துக்கொள்ளும்.

நிறமும் அதே ஏமாற்றுவேலைதான். வகுப்பறைக்கு வாங்கும் சாதாரண டி.எல்.பி. கருவியில் விளக்குக்கு முன்னால் சிவப்பு, பச்சை, நீலம் பூசிய சிறு வட்டச் சக்கரம் நொடிக்கு நூறு சுற்று, அதற்கும் மேல் சுழலும். திரையில் சிவப்புப் படம், பச்சைப் படம், நீலப் படம் என்று மாறி மாறி விழ, கண் மூன்றையும் ஒன்றாக்கிக்கொள்கிறது. சந்தேகமாக இருந்தால், படம் ஓடும்போது திரைக்கு முன்னால் விரல்களை வேகமாக ஆட்டிப் பாருங்கள். விரல் நிழலின் ஓரத்தில் வானவில் தெரியும். பிள்ளைகளுக்கு இதைக் காட்டினால் அன்றைய சினிமாவைவிட அதைத்தான் வீட்டில் போய்ச் சொல்வார்கள்.

தியேட்டரில் சக்கரம் கிடையாது. நிறத்துக்கு ஒன்றாக மூன்று சில்லுகள். சென்னையில் பிறந்த க்யூப் போன்ற நிறுவனங்கள் வழியாக நம் ஊர்த் தியேட்டர்கள் ஃபிலிம் பெட்டியைக் கைவிட்டு டிஜிட்டலுக்கு மாறின. லாரி ஹார்ன்பெக்குக்கு 2015-ல் ஆஸ்கர் அகாடமி அறிவியல் தொழில்நுட்பப் பிரிவில் ஆஸ்கர் சிலையையே கொடுத்தது. ஒரு படத்தில்கூட வேலை பார்க்காதவர் வாங்கிய ஆஸ்கர்!

இரண்டாவது சாதி எல்.சி.டி. இதில் கண்ணாடி ஆடாது. விளக்கின் வெள்ளை வெளிச்சத்தைத் தனி வகைக் கண்ணாடிகள் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்றாகப் பிரிக்கும். ஒவ்வொன்றும் ஒரு சிறு எல்.சி.டி. தகட்டைக் கடக்கும். தகட்டின் ஒவ்வொரு புள்ளியும் ஜன்னல் கதவு மாதிரி. மின்சாரத்துக்கு ஏற்ப முழுதாகத் திறக்கும், ஒருக்களிக்கும், மூடும். கடைசியில் ஒரு பட்டகத்தில் மூன்று நிறமும் மறுபடி சேர்ந்து லென்ஸுக்குப் போகும். மூன்று நிறமும் ஒரே நேரத்தில் விழுவதால் வானவில் தொல்லை இல்லை, நிறம் பளிச்சென்று இருக்கும். ஆனால், தகடுகளைக் குளிரவைக்க வெளிக்காற்று உள்ளே ஓட வேண்டும். கடலோரத்தில் இதுதான் வம்பு. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

ஜன்னல் சாத்தினால் பத்து மடங்கு லாபம்

இப்போது அந்த 11 மணி வகுப்பறைக்கு வருவோம். ஒரு சின்னக் கணக்கு.

3,000 லூமென் கருவி இருக்கிறது. இரண்டு மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் உயரத்துக்குப் படம் விழுகிறது. பரப்பு மூன்று சதுர மீட்டர். படத்தின் வெள்ளைப் பகுதியில் விழும் வெளிச்சம் 1,000 லக்ஸ். ஜன்னலெல்லாம் திறந்திருக்கும் வகுப்பறையில் சுவரின் மேல் 300 லக்ஸ் இருப்பதாக வைத்துக்கொள்வோம். படத்தின் வெள்ளையில் 1,300, கறுப்பில் 300. அதாவது வெள்ளை, கறுப்பைவிட நான்கு மடங்குதான் கூட. பார்ப்பதற்குச் சலவையில் வெளுத்த சட்டை போல இருக்கும்.

இப்போது திரைக்குப் பக்கத்து ஜன்னல்களைச் சாத்திச் சுவர் வெளிச்சத்தை 30 லக்ஸுக்குக் கொண்டுவந்தால்? வெள்ளையில் 1,030, கறுப்பில் 30. வித்தியாசம் 34 மடங்கு! ஜன்னலைச் சாத்தாமல் இதே தெளிவைப் பெற வேண்டுமானால் 30,000 லூமென் கருவி வேண்டும். அது பெரிய அரங்குகளுக்கு வாங்கும் கருவி, விலை லட்சங்களில். ஆக, ஒரு கறுப்புத் துணியும் நாலு ஆணியும் அந்த லட்சங்களுக்குச் சமம்.

‘மரக்காணம் வெயிலில் நாற்பது பிள்ளைகளை உட்காரவைத்து ஜன்னலைச் சாத்தச் சொல்றீங்களே!’ என்று ஆசிரியர்கள் கோபப்படலாம். நியாயம்தான். எல்லா ஜன்னலையும் சாத்த வேண்டாம். திரைக்கு அருகில் பக்கவாட்டில் இருக்கும் ஜன்னல்களை மட்டும் அடைத்துவிட்டு, பிள்ளைகளுக்குப் பக்கவாட்டில் பின்தள்ளி இருப்பதைத் திறந்துவையுங்கள். திரைக்கு நேர் எதிர்ச்சுவரில் ஜன்னல் இருந்தால் அது கட்டாயம் மூடியிருக்க வேண்டும். அதன் வெளிச்சம் நேராகத் திரையில்தான் விழும். திரையின் தலைக்கு மேலே எரியும் டியூப்லைட்டையும் அணைத்துவிடுங்கள். ஒருமுறை சோதித்துப் பார்த்து, எந்த ஜன்னல் படத்தைக் கெடுக்கிறது என்று சாக்பீஸால் குறித்துவைத்துக்கொண்டால் அடுத்த மாதம் வேலை மிச்சம்.

திரை வாங்கக் காசில்லையென்றால் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்த சமமான சுவர் போதும். பச்சை, நீலம் கலந்த சுவர் நிறங்களைக் குழப்பும். ஒற்றை வேட்டியைக் கட்டினால் பாதி வெளிச்சம் பின்னால் ஊடுருவிப் போய்விடும். இரண்டாக மடித்து, சுருக்கம் இல்லாமல் இழுத்துக் கட்ட வேண்டும்.

‘9,000 லூமென்’ விளம்பரத்தை நம்பலாமா?

வாங்கப்போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆன்லைனில் ஐயாயிரம் ரூபாய்க்கு ‘9,000 லூமென்’ என்று ஒரு கருவி சிரித்துக்கொண்டிருக்கும். அந்த எண்ணுக்கு முன்னால் ‘ஆன்சி’ என்றோ ‘ஐ.எஸ்.ஓ.’ என்றோ இருக்கிறதா என்று பாருங்கள். அந்த முறைகளில் திரையின் பல இடங்களில் அளந்து சராசரி எடுத்துச் சொல்வார்கள். இல்லாவிட்டால் அந்த 9,000 வெறும் அலங்காரம். ‘1080பி சப்போர்ட்’ என்பதும் அப்படித்தான். அந்தத் தரத்திலுள்ள படத்தை வாங்கிக்கொள்ளும் என்று மட்டுமே பொருள். கருவியின் சொந்தப் புள்ளிகள் எத்தனை என்பது ‘நேட்டிவ்’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில், பெரும்பாலும் பொடி எழுத்தில் இருக்கும். இருட்டிய படுக்கையறையில் குடும்பத்தோடு படம் பார்க்க அந்தச் சிறு கருவி போதும். வகுப்பறைக்கு அது ஆகாது. குறைந்தது 3,000 ஆன்சி லூமென் வேண்டும்.

இன்னொரு எண், ‘த்ரோ ரேஷியோ’. படத்தின் அகலத்தைப் போல எத்தனை மடங்கு தூரத்தில் கருவியை வைக்க வேண்டும் என்பதைச் சொல்வது. 1.5 என்றால், 8 அடி அகலப் படத்துக்கு 12 அடி தூரம். அறையின் நீளத்தை அளக்காமல் கடைக்குப் போகாதீர்கள்.

இனி லேப்டாப்

‘நோ சிக்னல்’. இந்த இரண்டு சொற்களைப் பார்த்ததும் பாதிப்பேர் கைவிட்டுவிடுகிறார்கள். உண்மையில் அது நல்ல சேதி! விளக்கு எரிகிறது, சில்லு வேலை செய்கிறது, லென்ஸ் சரி, ‘எனக்குப் படம் மட்டும் வரவில்லை’ என்று கருவியே வாய்விட்டுச் சொல்கிறது.

முதலில் வாய்களைப் பாருங்கள். லேப்டாப்பின் பக்கவாட்டில் தட்டையாக, கீழ்மூலைகள் இரண்டும் உள்வாங்கிய வாய் இருந்தால் அது எச்.டி.எம்.ஐ. படமும் சத்தமும் ஒரே ஒயரில் போகும். மூன்று வரிசையில் 15 துளைகளோடு, பெரும்பாலும் நீல நிறத்தில் இருப்பது வி.ஜி.ஏ. பழைய லேப்டாப்களில் இதைப் பார்க்கலாம். அதில் படம் மட்டும்தான் போகும், சத்தத்துக்குத் தனி ஒயர் வேண்டும். புதிய மெல்லிய லேப்டாப்களில் இரண்டும் இல்லாமல் சின்ன முட்டை வடிவ யு.எஸ்.பி. ‘சி’ வாய் மட்டும் இருக்கலாம். அதற்கு ஒரு அடாப்டர் வேண்டும். ஆனால் எல்லா ‘சி’ வாயும் படம் அனுப்பாது. சில சார்ஜுக்கும் ஃபைல் மாற்றவும் மட்டுமே. செல்போனிலும் அப்படித்தான். வாய்க்குப் பக்கத்தில் சிறிய ‘டிபி’ குறியோ மின்னல் குறியோ இருந்தால் நம்பி வாங்கலாம்.

லேப்டாப்பில் எச்.டி.எம்.ஐ., புரொஜெக்டரில் வி.ஜி.ஏ. மட்டும் என்றால் மாற்றி ஒன்று வாங்க வேண்டும். கடையில் ‘எச்.டி.எம்.ஐ. டு வி.ஜி.ஏ.’ என்று தெளிவாகச் சொல்லிக் கேளுங்கள். ‘வி.ஜி.ஏ. டு எச்.டி.எம்.ஐ.’ என்று தலைகீழாக வாங்கிவந்தால் ஒயர் பொருந்தும், படம் வராது. இது ஒருவழிப் பாதை.

ஒயரை மாட்டியாயிற்று. புரொஜெக்டரை முதலில் போட்டு, அது முழுதாக விழித்துக்கொண்ட பிறகு லேப்டாப்பைப் போடுங்கள். ஏன் இந்த வரிசை? தையல்கடைக்குப் போனால் டெய்லர் முதலில் அளவு எடுப்பார் அல்லவா? அதுபோல, ஒயர் இணைந்ததும் லேப்டாப், ‘நீ யார், உன் அளவு என்ன?’ என்று எதிர்முனையைக் கேட்கிறது. கருவி தன் அளவைச் சொல்லும். அதற்கேற்ப லேப்டாப் படத்தை வெட்டி அனுப்பும். எதிர்முனை தூங்கிக்கொண்டிருந்தால் சில லேப்டாப்கள் ‘யாரும் இல்லை’ என்று முடிவுகட்டிவிடும். ஏற்கெனவே மாட்டிவிட்டீர்களா? ஒயரைக் கழற்றி மறுபடி செருகினால் மறுபடியும் அளவு எடுக்கும்.

அப்போதும் ‘நோ சிக்னல்’ என்றால் ரிமோட்டிலோ கருவியின் தலையிலோ உள்ள ‘சோர்ஸ்’ அல்லது ‘இன்புட்’ பட்டனை அழுத்துங்கள். கருவிக்கு இரண்டு மூன்று வாய்கள் இருக்கும். அது எந்த வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறதோ யார் கண்டது! நீங்கள் ஒயர் செருகிய வாயின் பெயர் திரையில் வரும்வரை அழுத்துங்கள்.

அடுத்தது விசைப்பலகை. விண்டோஸ் லேப்டாப்பில் ஜன்னல் படம் போட்ட விசையையும் ‘பி’ எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் நான்கு வழிகள் வரும். லேப்டாப்பில் மட்டும், இரண்டிலும் ஒரே படம், திரையை நீட்டுவது, புரொஜெக்டரில் மட்டும். வகுப்பறைக்கு இரண்டாவதான ‘டூப்ளிகேட்’ போதும். மூன்றாவதான ‘எக்ஸ்டெண்ட்’ தேர்வாகியிருந்தால்தான், ‘சார், படம் உங்க லேப்டாப்ல ஓடுது, சுவத்துல பூ படம் மட்டும் நிக்குது’ என்று பிள்ளைகள் கத்துவார்கள். லேப்டாப் பக்கத்தில் சுவரை ஒட்டி இன்னொரு மேஜை போட்டது மாதிரி அது. படத்தை இழுத்து அந்த மேஜையில் வைத்தால்தான் அங்கே தெரியும்.

படம் வருகிறது, சத்தம் மட்டும் லேப்டாப்பிலிருந்து வருகிறதா? கீழ்மூலையில் ஸ்பீக்கர் குறியை அழுத்தி, சத்தம் எங்கே போக வேண்டும் என்று தேர்ந்தெடுங்கள். புரொஜெக்டருக்குள் இருக்கும் ஸ்பீக்கர் கொசு ரீங்காரம் போலத்தான் கேட்கும். நாற்பது பிள்ளைகளுக்கு ஆகாது. காலைப் பிரார்த்தனைக்கு வைத்திருக்கும் ஆம்ப்ளிஃபையருக்கு லேப்டாப்பின் ஹெட்ஃபோன் துளையிலிருந்து ஒரு ஒயர் கொடுங்கள். புளூடூத் ஸ்பீக்கர் வைத்தால் உதடு முன்னே, பேச்சு பின்னே என்று ஆகிவிடுவதுண்டு.

எழுத்துகள் மங்கலாக இருந்தால், லென்ஸைத் திருகுவதற்கு முன் லேப்டாப்பின் ‘டிஸ்பிளே’ அமைப்பில் ‘ரெசொல்யூஷன்’ எண்ணைப் பாருங்கள். கருவியின் சொந்தப் புள்ளிக்கணக்கோடு அது பொருந்தாவிட்டால் கருவி படத்தைப் பிசைந்து நீட்டும். ஆங்கில எழுத்து ஓரளவு தப்பிக்கும். நம் ‘ஞ’வும் ‘ணை’யும் சுழிகளை இழந்து ஒரே கட்டியாகத் தெரியும். தமிழில் ஸ்லைடு தயாரிக்கிறவர்கள் 28-க்குக் குறைந்த எழுத்தளவு வைக்காமல் இருப்பது கடைசி பெஞ்சுக்குச் செய்யும் உபகாரம்.

படம் சதுரமாக விழாமல் மேலே விரிந்து கோபுரத்தைக் கவிழ்த்தது போல இருந்தால், உடனே ‘கீஸ்டோன்’ பட்டனைத் தேடாதீர்கள். அது படத்தைச் சுருக்கித்தான் நேராக்கும், புள்ளிகள் வீணாகும். கருவிக்குக் கீழே நாலு புத்தகம் வைத்து உயர்த்தி, லென்ஸ் திரைக்கு நேராகப் பார்க்கும்படி செய்துவிட்டு, மிச்சத்துக்கு மட்டும் அந்தப் பட்டன்.

ஒயரைத் தொட்டால் சுள்ளென்று இருக்கிறதா? பிளக்கிலோ சுவரிலோ எர்த் இல்லை. லேப்டாப், புரொஜெக்டர் இரண்டையும் எர்த் உள்ள ஒரே ஸ்பைக் பஸ்டரில் செருகுங்கள். ஆளுக்கொரு சுவரில் செருகி, நடுவில் எச்.டி.எம்.ஐ. ஒயரை மாட்டும்போது கருவியின் வாய் கருகிவிடும் ஆபத்து உண்டு.

உப்பு ஜாடி சொல்லும் பாடம்

மழைக்காலத்தில் அடுப்படியில் உப்பு ஜாடி கசிந்து தண்ணீர்விடுவதைப் பார்த்திருப்பீர்கள். காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவிகிதத்தைத் தாண்டினால் சாதா உப்பு காற்றிலிருந்து நீரை உறிஞ்சிக் கரையத் தொடங்கும். கடல் உப்பில் கசப்புக்குக் காரணமான மெக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கும். அதற்கு 33 சதவிகிதமே போதும். அதாவது, கடலோரத்தில் அது ஏறக்குறைய எப்போதுமே ஈரம்தான்.

இப்போது புரொஜெக்டரை யோசியுங்கள். விசிறி ஓடும்போது கடல்காற்றைத்தான் உள்ளே இழுக்கிறது. காற்றோடு வரும் நுண்ணிய உப்பு, சர்க்யூட் போர்டில் படிகிறது. கருவி ஓடும்வரை உள்ளே சூடு. உப்பு காய்ந்து சும்மா கிடக்கும். அணைத்துவிட்டுப் போனபின் இரவு ஈரப்பதம் ஏறும். உப்பு கரைந்து மெல்லிய நீர்ப்படலமாகும். உப்புத்தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும், செம்பை அரிக்கும். மறுநாள் காலை சுவிட்ச் போட்டால், சேரக்கூடாத இரண்டு கம்பிகள் சேர்ந்திருக்கும். ஆக, கடலோரத்தில் ஓடும் கருவியைவிடச் சும்மா கிடக்கும் கருவிக்குத்தான் ஆபத்து அதிகம். பீரோவில் பத்திரமாகப் பூட்டிவைப்பதே அதைக் கொல்லும் வழி!

செய்ய வேண்டியது பெரிய செலவு பிடிக்கும் வேலை இல்லை. இறுக்கமாக மூடும் பெரிய பிளாஸ்டிக் டப்பா ஒன்று. அதில் சிலிகா ஜெல் பொட்டலங்கள். நிறம் மாறும் வகையாக வாங்கினால், ஈரம் குடித்துவிட்டதா என்று பார்த்தே சொல்லிவிடலாம். பொட்டலத்தின் மேல் போட்டிருக்கும் முறைப்படி சூடாக்கி உலர்த்தி மறுபடி பயன்படுத்தலாம். கருவி முழுதாக ஆறிய பிறகே உள்ளே வையுங்கள். ரிமோட்டின் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். இல்லையென்றால் ஒழுகி ரிமோட்டைத் தின்றுவிடும். ஒயர் முனைகளில் பச்சையாகப் பூத்திருந்தால் ஐசோபுரொபைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டுத் துடைக்கலாம், மின்சாரத்தை நிறுத்திவிட்டு.

எல்.சி.டி. கருவியில் பக்கவாட்டில் ஒரு ஃபில்டர் மூடி இருக்கும். உள்ளூரில் எவ்வளவு குறிப்பேட்டில் எழுதியிருந்தாலும் அதைவிட இரண்டு மடங்கு அடிக்கடி அதைக் கழற்றி, மென்மையான பிரஷ்ஷால் தட்டிச் சுத்தம் செய்யுங்கள். ஃபில்டர் அடைத்தால் உள்ளே சூடேறி, கருவி பத்து நிமிடத்தில் தானாக அணையும். அதைத்தான் ‘கெட்டுப்போச்சு’ என்று பீரோவில் வைப்பது. டி.எல்.பி. கருவிகளில் சில்லும் லென்ஸும் இருக்கும் பகுதியைப் பெரும்பாலும் மூடியே செய்கிறார்கள் என்பதால், கடலோரப் பள்ளிக்கு வாங்க யாராவது யோசனை கேட்டால் என் ஓட்டு அதற்குத்தான். அதிலும் லேசர் விளக்குள்ளதாக இருந்தால் 20,000 மணி நேரம் வரை விளக்கு மாற்றும் பேச்சே இல்லை.

பழைய வகைப் பாதரச விளக்கு என்றால் கொஞ்சம் மரியாதை தேவை. அந்தச் சிறு குவார்ட்ஸ் குமிழுக்குள் அழுத்தம் வெளிக்காற்றைப் போல 200 மடங்கு. படம் முடிந்ததும் சுவரில் உள்ள சுவிட்சைத் தட்டி அணைக்கக் கூடாது. பவர் பட்டனை இரண்டு முறை அழுத்திவிட்டு, விசிறி தானாக நிற்கும்வரை காத்திருங்கள். கரண்ட் அடிக்கடி போகும் இடமென்றால் ஒரு யு.பி.எஸ். அந்த விளக்கின் ஆயுளைக் காப்பாற்றும். விளக்கு வெடித்துவிட்டால் பிள்ளைகளை வெளியே அனுப்பி, ஜன்னல்களைத் திறந்துவிடுங்கள். உள்ளே பாதரசம் இருக்கிறது. தீர்ந்த விளக்கைக் குப்பையில் போடாமல் மின்கழிவாகக் கொடுக்க வேண்டும். எந்த வகைக் கருவியானாலும், எரியும் லென்ஸுக்குள் எந்தப் பிள்ளையும் எட்டிப்பார்க்காதபடி கருவியை உயரத்தில் வையுங்கள்.

இன்னும் ஒன்று. மழை மாதங்களில், விடுமுறையானாலும் சரி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கருவியை அரைமணி நேரம் ஓடவிடுங்கள். விளக்கின் சூடு உள்ளே இருக்கும் ஈரத்தை விரட்டிவிடும். அரைமணி நேரம் வெறும் சுவரில் வெள்ளை வெளிச்சம் அடிப்பதற்குப் பதில், பக்கத்துத் தெருப் பிள்ளைகளைக் கூப்பிட்டு ஒரு குறும்படம் போட்டுவிடலாம். அந்த மாதங்களில் மரக்காணத்தில் வானமும் கொஞ்சம் கறுத்திருக்கும். துணி கட்டுகிற வேலையும் மிச்சம்.